செல்லமாக ஒரு ‘லூசு’

மருந்துச் சீட்டை வாங்கியதும் நிறையப் பேர் என்னிடம் கேட்பது, “டாக்டர், இது மெண்டல் மாத்திரையா?” என்பதுதான். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். ‘மனம் சார்ந்த’ என்று மட்டுமே பொருள்பட வேண்டிய சொல், நம் ஊரில் ஓர் ஆளைக் குறிக்கும் பெயராகிவிட்டது.

வசவு இடம் மாறுவது புதிதல்ல. திருமணத்தன்று வழக்காட வந்த முதியவரைச் சுந்தரர் ‘பித்தன்’ என்று ஏசினார். வந்தவர் சிவன் என்று தெரிந்ததும் அந்த ஏச்சே அவர் பாடிய பதிகத்தின் முதல் சொல்லாயிற்று என்கிறது பெரியபுராணக் கதை. இன்றும் ‘கிரிக்கெட் பைத்தியம்’ என்று நம்மை நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சென்னையில் 1794-இல் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மருத்துவமனையின் பெயர் 1922-இல் ‘மெண்டல் ஹாஸ்பிட்டல்’ என்றும், 1978-இல் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெண்டல் ஹெல்த்’ என்றும் மாறியது. பலகை மாற மாற, கேலி ஊர்ப்பெயரில் போய் ஒட்டிக்கொண்டது. “இவன் கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று சிரிப்பவர்களுக்கு அது வெறும் பேச்சு. அங்கே சிகிச்சைக்குப் போக வேண்டியவருக்கோ, ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்லவே நாக்கு எழுவதில்லை. இந்தக் கூச்சத்தால் தள்ளிப்போகும் மாதங்களில் நோய் முற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் சொன்னதை, அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாமல் எழுதுகிறேன். இருமுனைக் கோளாறுக்கு, அதாவது மனநிலை அளவுமீறி எழுவதும் தாழ்வதுமாக மாறும் நோய்க்கு, மருந்து எடுத்துக்கொள்பவர். உறக்கம் சீராகி வேலைக்கும் திரும்பிவிட்டார். ஆனாலும் முகம் வாடியே இருந்தது. “என் சம்சாரம் கல்யாணம் ஆனதிலேர்ந்து என்னை ‘லூசு’ன்னுதான் கூப்பிடுவா, டாக்டர். ஆஸ்பத்திரிக்கு வந்ததுக்கப்புறம் அந்த வார்த்தையையே விட்டுட்டா. ‘ஏங்க’ன்னு கூப்பிடுறா.” மேசை விளிம்பை விரலால் தேய்த்தபடியே சொன்னார்.

அவர் மனைவியிடம் கேட்டேன். “நிஜமாவே நோய்னு தெரிஞ்சப்புறம் எப்படி டாக்டர் வாய் வரும்?” என்றார், கண் கலங்க.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அதனால்தான், இந்தெந்தச் சொல் கூடாது என்று பட்டியல் எழுதிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கில் பொதுவெளியில் அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். மனநோயும் அதில் அடக்கம். அந்தச் சட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் நடப்பதற்கு, சம்பந்தப்பட்டவரையே கேட்பதுதான் வழி.

எந்த வார்த்தை வலிக்கிறது என்று அவரிடமே கேட்டோம். ‘லூசு’ அவருக்கு வலிக்கவில்லை. சம்பளக் கணக்கிலோ, பிள்ளையின் பள்ளி விஷயத்திலோ அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம் அண்ணன் கேட்கும் ஒரு கேள்விதான் வலித்தது: “இன்னைக்கு மாத்திரை போட்டியா?”

அடுத்த முறை அண்ணனையும் அழைத்துவரச் சொன்னேன். வந்தார். அக்கறையில்தான் கேட்டாராம். அப்படியென்றால் காலையில், டம்ளரில் தண்ணீரோடு கேளுங்கள்; சண்டைக்கு நடுவில் வேண்டாம் என்றேன்.