பலகை கோயிலில் இருக்கிறது, ரசீது யார் பெயரில் இருக்கிறது?

துருப்பிடித்த பிஸ்கட் டின்னைத் திறந்து, அந்தச் சீன ஆன்ட்டி ஒரு ரசீதை என் மேசையில் விரித்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. சிங்கப்பூரில் உயில், வாரிசுரிமை விவகாரங்களைப் பார்க்கும் எனக்கு இப்படிப்பட்ட டின்கள் பழக்கம்.

நாலறை வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டை விற்றுவிட்டு ஈரறைக்குப் போகிறார். கணவரின் நினைவுப் பலகை, அதாவது இறந்தவர் பெயர் எழுதி வழிபடும் பலகை, ஒரு பௌத்தக் கோயிலில் இருக்கிறது. புது வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்கு அதை மாற்ற வேண்டும். பதிவு செய்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றது கோயில் அலுவலகம். பதிவு செய்தவர் கணவரின் அண்ணன். இறந்து பல வருடம். அவர் பிள்ளைகள் வெளிநாட்டில்.

நாம் தாத்தா படத்தைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டிவிடுவோம். பலகை அப்படியல்ல. மந்திரம் ஓதி இறந்தவரை அதில் எழுந்தருளச் செய்கிறார்கள். நகர்த்துவதென்றால் நாள் பார்த்து, மறுபடியும் ஓத வேண்டும். வீட்டில் பீடம் வைக்க இடமில்லை, பிள்ளைகள் வேறு மதம் என்று ஆனபோது கோயிலில் கொண்டுபோய் வைக்கிறார்கள். தப்பே இல்லை. முன்னோரை வழிபடும் சிங் மிங் நாளுக்கும், ஆவிகளுக்குப் படைக்கும் சீன ஏழாம் மாதத்துக்கும் அங்கே பூசை தவறாது.

சிக்கல் தாளில்தான். அஸ்தி மண்டாயிலுள்ள அஸ்தி மாடத்தில் இருக்கும், பலகை கோயிலில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பத்திரம் என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். இரண்டும் வேறு.

"உயிலில் எழுதிவிடுகிறேன், என் பலகைக்கு என்றைக்கும் பூசை நடக்கட்டும்" என்பவர்களும் உண்டு. ஒரு வீட்டையோ வாடகையையோ அதற்கென்று நிரந்தரமாகக் கட்டிப்போட முடியாது. 1869இல் சிங்கப்பூரில் சோவா சூன் நியோ வழக்கிலும், 1875இல் பினாங்கிலிருந்து லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன யியாப் சியா நியோ வழக்கிலும் இதே கதைதான். முன்னோர் வழிபாட்டால் பயன் அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே. எனவே அது பொது அறம் ஆகாது. அறம் அல்லாத ஒன்றுக்குச் சொத்தை முடிவில்லாமல் முடக்க முடியாது என்று அந்த ஏற்பாடுகள் செல்லாமல் போயின. அந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு மனசு கனக்கும். ஆனால் சட்டம் அதுதான்.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே கோயிலோடு பேசி முடியுங்கள். கட்டிய பணம் நிரந்தரத்துக்கா, வருடக் கணக்குக்கா? பதிவில் இரண்டாவது பெயர் சேர்க்கலாமா? சந்தா நின்றால் பலகையை என்ன செய்வார்கள்? கோயில் நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். இங்கே வழிபாட்டிடங்களுக்கு அரசு விற்கும் நிலம் 30 வருடக் குத்தகைதான். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளில் யார் வருவார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் பெயரைப் போடுங்கள். மூத்த மகன் என்பதற்காகப் போடாதீர்கள்.

ஆன்ட்டிக்கு எட்டு மாதம் ஆனது. அண்ணன் மகனின் கையெழுத்துக் கடிதம் தபாலில் வந்த பிறகு, பிக்கு குறித்த நாளில் நானும் கூடப் போனேன். பலகையில் கணவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதத்துக்கு அடியில், உயிரோடு இருப்பவர் என்பதால் மறைத்து வைத்த ஆன்ட்டியின் பெயர். அவர் காலத்துக்குப் பிறகு கிழிப்பார்கள். எட்டு மாதமாகத் தன் பெயருக்கும் சேர்த்துத்தான் அலைந்திருக்கிறார். காகிதத்தின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததை விரலால் அழுத்திவிட்டு, புது ரசீதில் மகள் பெயரை எழுதச் சொன்னார்.