கட்டளை முன்னே, மதிப்பு பின்னே

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நெல் வாங்குகிறது என்று வையுங்கள். யாரிடம் எத்தனை மூட்டை, என்ன ரகம், ஈரப்பதம் எவ்வளவு, அரைக்க எந்த ஆலைக்குப் போனது என்று எல்லாம் ஒரு டேட்டாபேஸில் பதிவாகிறது. ஆலைகளில் ஒன்றின் பெயர் குமார்'ஸ் மாடர்ன் ரைஸ் மில். டெல்டாவில் இப்படிப் பெயர்ப்பலகைகள் சர்வசாதாரணம். அந்த ஒற்றைக் குறிதான் சிக்கல். பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்ட், அதாவது மதிப்பு இல்லாமல் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் கட்டளை, எதற்கு என்பதை இதை வைத்தே பார்க்கலாம்.

நிரலில், தட்டிய பெயரை மேற்கோள் குறிகளுக்குள் அப்படியே ஒட்டித் தேடல் கட்டளையை உருவாக்கினால் டேட்டாபேஸுக்குப் போய்ச் சேருவது இது:

ஆலை = 'குமார்'ஸ் மாடர்ன் ரைஸ் மில்'

டேட்டாபேஸுக்கு மேற்கோள் குறிதான் எல்லைக்கல். 'குமார்' என்பதோடு பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டளையாகப் படிக்கப் பார்க்கும். புரியாமல் பிழை காட்டி நின்றுவிடும். நின்றால் நல்லது. பெயரைத் தட்டும் அதே கட்டத்தில் வேண்டுமென்றே ஒருவர் ' ஆர் '1'='1 (ஆர் என்றால் 'அல்லது') என்பதை டேட்டாபேஸ் கட்டளைகளின் மொழியான எஸ்கியூஎல்லில் தட்டினால் நிபந்தனை எல்லா வரிகளுக்கும் உண்மையாகி, மொத்தக் கணக்கும் திரையில் கொட்டும். 1998-லேயே ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் இந்தத் தாக்குதலை விளக்கி எழுதிவிட்டார். இன்றும் இது நடக்கிறது என்பதுதான் வருத்தம்.

குறிகளை இரட்டித்து அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மறக்காமல் செய்ய வேண்டும். மூட்டை எண்ணிக்கை போன்ற எண் கட்டத்தைச் சுற்றி மேற்கோளே இருக்காது, அங்கே இரட்டித்தும் பயனில்லை.

பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்ட் பிரச்சினையை வேரிலேயே தீர்க்கிறது. முதலில் 'ஆலை = ?' என்று வெற்றிடத்தோடு கட்டளை மட்டும் போகும். டேட்டாபேஸ் அதைப் படித்து, அட்டவணையும் அதன் பத்தியும் (நெடுவரிசையும்) இருக்கின்றனவா என்று பார்த்து, கட்டளையின் அமைப்பை முடிவு செய்துவிடும். அந்த அமைப்பில் கேள்விக்குறி 'இங்கே ஒரு மதிப்பு வரும்' என்ற இடமாக மட்டும் நிற்கும். அப்புறம்தான் மதிப்பு வருகிறது. அதுதான் பைண்ட் வேரியபிள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் பார்ஸ் (படி), பைண்ட் (மதிப்பைப் பொருத்து), எக்ஸிக்யூட் (இயக்கு) என்று மூன்று தனித்தனிச் செய்திகள். பைண்ட் செய்தியில் மதிப்பின் நீளம் 4 பைட்டில் முன்னால் இருக்கும், பிறகு அத்தனை பைட் மதிப்பு. எங்கே முடிகிறது என்று தெரிய மேற்கோள் குறி தேவையே இல்லை. கட்டளையைப் படிக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டதால், மதிப்புக்குள் என்ன எழுதியிருந்தாலும் அது கட்டளையாக மாறாது. குமார்'ஸ் வெறும் பெயராகவே இருக்கும்.

எல்லா நூலகமும் உண்மையிலேயே இப்படிப் பிரித்து அனுப்புவதில்லை. பிஎச்பி நிரல்மொழியின் டேட்டாபேஸ் நூலகமான பிடிஓ, மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸோடு பேசும்போது, இயல்பமைப்பில் தானே மதிப்பை ஒட்டித்தான் அனுப்புகிறது. அந்த அமைப்பை அணைத்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. இன்னொன்று, அட்டவணைப் பெயரையோ பத்திப் பெயரையோ பைண்ட் செய்ய முடியாது. எந்த அட்டவணை என்றே தெரியாமல், தரவை எந்த வழியில் தேடி எடுப்பது என்று டேட்டாபேஸ் எப்படித் திட்டமிடும்? அவற்றை அனுமதித்த பட்டியலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

வேகமும் கூடும். சம்பா அறுவடையில் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஏறும்போது கட்டளையை ஒருமுறை படித்தால் போதும், மதிப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. 'ரகம் = ?' என்று கேட்கிறோம். பதிவுகளில் பெரும்பகுதி சிஆர் 1009, மாப்பிள்ளைச் சம்பா கொஞ்சம்தான் என்றால், முதலாவதற்கு அட்டவணை முழுவதையும் வரிசையாகப் படிப்பதே வேகம், இரண்டாவதற்கு இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னிருக்கும் சொல்லடைவு போன்ற பட்டியல், வழியாகப் போவதே வேகம். மதிப்பு தெரியாமல் போட்ட பொதுத் திட்டம் இரண்டில் ஒன்றுக்குப் பொருந்தாது.

போஸ்ட்கிரெஸ் இதற்காக முதல் ஐந்து முறை மதிப்பைப் பார்த்தே திட்டம் போடுகிறது. பிறகு பொதுத் திட்டத்தின் மதிப்பிட்ட செலவை அதுவரையிலான சராசரியோடு ஒப்பிட்டு, அதிகமில்லை என்றால் அதற்கு மாறிவிடும். ஒரு தேடல் கட்டளை ஐந்து முறை வேகமாக ஓடி ஆறாவது முறை திடீரென்று இழுத்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 12-ம் பதிப்பிலிருந்து பிளான் கேஷ் மோட் என்ற அமைப்பு இருக்கிறது, எப்போதும் மதிப்பைப் பார்த்தே திட்டமிடு என்று அதில் சொல்லிவிடலாம். அதற்காக மதிப்பைக் கட்டளையில் ஒட்டும் பழைய வழிக்குத் திரும்ப வேண்டியதில்லை.