கேட்டகோம்ப்: பாதாளமும் இல்லை, கல்லறையும் இல்லை

பாரிஸ் நகரத்துக்கு அடியில் எலும்புகளைச் சுவர் போல அடுக்கி வைத்திருக்கும் இடத்தைப் பற்றி எந்தத் தமிழ்க் காணொளியைத் திறந்தாலும் 'பாதாளக் கல்லறை' என்றுதான் தொடங்குகிறார்கள். பயணக் கட்டுரைகளிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இரண்டு சொல்லும் பொருந்தவில்லை.

மூலச் சொல் கேட்டகோம்ப். ரோமுக்கு வெளியே ஆப்பியா சாலையோரம், புனித செபஸ்தியார் ஆலயம் இருக்கும் இடத்துக்குப் பிற்கால லத்தீனில் 'கட்டகும்பாஸ்' என்று பெயர். 'பள்ளங்களின் அருகே' என்ற கிரேக்கத் தொடரிலிருந்து வந்தது என்பார்கள். அந்த ஓர் இடத்தின் பெயரே அப்புறம் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

கல்லறை என்பது ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியது. பண்டைய ரோமில் நகர எல்லைக்குள் பிணம் புதைக்கச் சட்டத்தில் தடை இருந்தது. அதனால் ஊருக்கு வெளியே, எளிதில் வெட்ட வரும் எரிமலைப் பாறையில் நீண்ட நடைவழிகளைக் குடைந்தார்கள். இருபுறச் சுவரிலும் அடுக்கடுக்காக மாடம் வெட்டி, துணி சுற்றிய உடலைக் கிடத்தி, ஓடோ பளிங்குப் பலகையோ வைத்துச் சாந்து பூசி அடைத்தார்கள். ஒவ்வொரு மாடமும் ஒரு கல்லறை. மொத்த இடமும் இடுகாடு.

பாரிஸில் அதுகூட இல்லை. 1780இல் இன்னொசான் இடுகாட்டை ஒட்டிய ஒரு வீட்டின் நிலவறைச் சுவர், புதைகுழிகளின் பாரம் தாங்காமல் இடிந்தது. இடுகாட்டை மூடினார்கள். பிறகு எலும்புகளைத் தோண்டி எடுத்து, கறுப்புத் துணி போர்த்திய வண்டிகளில் இரவில் ஏற்றிப்போய், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சேர்த்தார்கள். 1786 ஏப்ரலில் அந்த இடத்தை மந்திரித்துப் புனிதப்படுத்தினார்கள். மற்ற இடுகாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்ததில் சுமார் 60 லட்சம் பேரின் எலும்புகள். எந்த இடுகாட்டிலிருந்து, எந்த ஆண்டு கொண்டுவந்தது என்று அடுக்குகளின் நடுவே கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லையே படம்பிடித்துக் காட்டிக்கொண்டு 'கல்லறை' என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

'பாதாளச் சாக்கடை என்கிறோமே, பாதாளம் ஏன் கூடாது?' என்று கேட்பார்கள். சாக்கடை விஷயத்தில் அது புழங்கித் தேய்ந்த சொல், யாரும் நடுங்குவதில்லை. இங்கே நடுங்க வைப்பதற்கென்றே அதை இழுத்து வருகிறார்கள். 20 மீட்டர் ஆழத்தில், படியிறங்கிப் பார்த்துவிட்டு வரும் இடம் அது. மொழிபெயர்ப்பவர்களில் பலர் இப்போது பொருளைத் தேடுவதில்லை, திகிலைத் தேடுகிறார்கள். பழைய கட்டடம் என்றால் 'மர்ம மாளிகை', எலும்பு என்றால் 'பாதாளம்'. 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று அடக்கம் செய்யும் முறைகளை ஐந்தாகப் பிரித்துச் சொன்னது மணிமேகலை. அந்த மொழியில் இவ்வளவு அலட்சியம் ஆகாது.

ரோமில் உள்ளதற்குச் 'சுரங்க இடுகாடு' என்பேன். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுரங்கம் வடசொல் என்பவர்கள் 'நிலவறை இடுகாடு' என்று எழுதட்டும், சரிதான். பாரிஸில் உள்ளது 'எலும்புக் கிடங்கு'. செக் நாட்டில் குட்னா ஹோரா ஊரருகே எலும்பாலேயே சரவிளக்குச் செய்து தொங்கவிட்ட சிற்றாலயத்துக்குக் கிடங்கு பொருந்தாது. அது வழிபாட்டு இடம், 'எலும்பு ஆலயம்' என்று எழுதலாம்.