இருட்டில் காது சொல்லும் பொய்

காசிமேட்டு மீனவர் ஒருவர் தலைசுற்றல் என்று வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். வெளியே காத்திருந்தபோது மகன் போனில் ஒரு விமான விபத்து வீடியோவைக் காட்டியிருக்கிறான். உள்ளே வந்து உட்கார்ந்ததும் தன் நோயைச் சொல்லவில்லை. "ஏன் டாக்டரம்மா, ஏரோப்ளேன்ல அவ்ளோ மீட்டர் இருக்குது, அப்புறம் இருட்டுல எறங்கச்சொல்ல எப்படி விழுது?" என்று கேட்டார்.

ராயபுரத்தில் காது மூக்கு தொண்டை பார்க்கும் என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. அவருக்கு அது தெரியாது.

அவர் பார்த்தது 2025 மே 22 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் விழுந்த சிறிய செஸ்னா ஜெட். விடியற்காலை நாலு மணிக்கு முன்பு, மூடுபனிக்குள் கருவிகளைப் பார்த்தே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இல்லை. அங்கிருந்த வானிலைக் கருவி வேலை செய்யவில்லை. ஓடுபாதைக்கு வழிகாட்டும் விளக்குகளும் எரியவில்லை. மின்கம்பியில் மோதி வீடுகளுக்கு நடுவே விழுந்தது. உள்ளே இருந்த 6 பேரும் போய்விட்டார்கள்.

அது உயரம் குறைந்துபோன கதை. என் துறைக்கு இன்னும் நெருக்கமான விபத்து 1999 ஜூலை 16 இரவு நடந்தது. அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன், மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு தன் சிறு விமானத்தைத் தானே ஓட்டிப் போனார். கீழே கடல், சுற்றிலும் மங்கல், வானமும் தண்ணீரும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதிச் சான்று அவருக்குக் கிடையாது. விமானம் சுழன்றபடி கடலில் விழுந்தது. இருட்டில் திசையும் நிலையும் குழம்பிப்போனதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

அனுபவம் இல்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 747 விமானம் சில நிமிடங்களில் அரபிக்கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். கேப்டன் பழுத்த அனுபவசாலி. அவர் முன்னால் இருந்த சாய்வு காட்டும் கருவி பழுதாகித் தவறாகக் காட்டியது. வெளியே கும்மிருட்டு, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அது பொய் என்று அவருடைய உடம்பும் சொல்லவில்லை.

சொல்லாது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும். அதை வைத்துத்தான் மூளை திருப்பத்தை அறிகிறது. ஆனால் ஒரே வேகத்தில் இருபது விநாடி போல் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும். சுற்றுவது நின்றுவிட்டதாகத் தோன்றும். என் சுழல் நாற்காலியில் மருத்துவ மாணவர்களைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து இதைக் காட்டுவேன். நாற்காலியை நிறுத்தியதும் "மேடம், எதிர்ப்பக்கம் சுத்துறீங்க" என்று கத்துவார்கள். நிற்கிறது என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். (தலைசுற்றல் உள்ளவர்கள் வீட்டில் இதை முயல வேண்டாம், ப்ளீஸ்.)

மெல்ல மெல்லச் சாய்ந்தால் இன்னும் மோசம், காதுக்குத் தெரியவே தெரியாது. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து ஓட்டவைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

இதில் இறங்கும் நேரம்தான் கண்டம். குறிப்பிட்ட உயரம் வரை கருவியைப் பார்த்தே வரலாம். அதற்குள் ஓடுபாதை கண்ணில் படவில்லையென்றால் இறங்கக் கூடாது, மேலேறிவிட வேண்டும். தெரிகிறதா என்று தேடக் கண் வெளியே போகும், தலை திரும்பும். திருப்பத்தில் இருக்கும்போது தலையை அசைத்தால் குழாய்கள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும். சரி, மேலேறலாம் என்று முழு வேகம் கொடுத்தால், அந்த உந்துதலை "மூக்கு வானத்தைப் பார்க்கிறது" என்று காது படிக்கும். உடனே மூக்கைக் கீழே அழுத்தச் சொல்லும் உள்ளுணர்வு. தரை சில நூறு அடியில் இருக்கும்போது!

இதையெல்லாம் சொல்லி, "உங்க போட்ல அந்த பயம் இல்லை. திசை குழம்பினாலும் மேல எது கீழ எதுன்னு குழம்பாது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்குக் குழம்பிச்சு டாக்டரம்மா" என்றார்.

போன வாரம் ராத்திரி கடலில் படகின் விசிறியில் வலை சிக்கியிருக்கிறது. எடுக்க முங்கியவருக்குத் தண்ணீருக்குள் மேல்பக்கம் எது என்றே தெரியவில்லை. இடுப்பில் கயிறு இருந்ததால் பிடித்து ஏறினாராம். தலைசுற்றல் என்று அவர் வந்தது இதற்காகத்தான். விசாரித்தால், இருபது வருஷத்துக்கு முன் காசநோய்க்கு மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது, பகலில் நன்றாக நடக்கிறார். மெத்தையான பஞ்சின் மேல் நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். நான் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். ஊசி இரண்டு பக்கச் சமநிலை உறுப்பையும் தின்றுவிட்டிருந்தது. இத்தனை வருஷமாகக் கண்ணையும் பாதத்தையும் வைத்தே சமாளித்திருக்கிறார். இருட்டுத் தண்ணீரில் இரண்டும் கிடையாது.

வடசென்னையில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. இப்போது சாதாரண காசநோய்க்குப் பெரும்பாலும் மாத்திரைதான் (அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்). ஆனால் அந்தக் கால ஊசி வாங்கியவர்களும், அதேபோல் சமநிலை உறுப்பைக் கெடுக்கக்கூடிய ஜென்டாமைசின் ஊசி நாள்கணக்கில் போட்டவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள், கண்புரை உள்ளவர்களுக்கும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குக் கரண்ட் இல்லாத இரவுகளில் பாத்ரூம் போகும் வழியில் விழுந்து என்னிடம் வந்த பெரியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. "முகம் கழுவக் கண்ணை மூடினா தள்ளாடுது", "நடக்கச்சொல்ல போர்டு எழுத்து ஆடுது" என்று யாராவது சொன்னால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், காட்டுங்கள். நடை வழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு, சுவரில் ஒரு கைப்பிடி, தலைமாட்டில் டார்ச். தனியாகக் கடலில் குளிக்கக் கூடாது. சமநிலைப் பயிற்சிகள் இருக்கின்றன, தினமும் செய்தால் பலன் உண்டு. பழுதான உறுப்பைத் திருப்பித் தரும் மாத்திரை மட்டும் கிடையாது. தலைசுற்றல் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குவது மூளை பழகுவதைத்தான் தாமதப்படுத்தும்.

அடுத்த மாதம் அவர் திரும்ப வந்தபோது பயிற்சியைப் பாதிதான் செய்திருந்தார். பல்பு போட்டாயிற்றாம், அவர் மனைவிக்குத்தான் வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லையாம். வலை சிக்கினால் இப்போது மகன் முங்குகிறான். "நான் மேல நின்னு கயித்தப் புடிச்சுக்கறேன்" என்றார்.