திரையிடலாம், திரையிடல்!

போன வாரம் பெரியம்மாவோடு மருந்தகத்தில் காத்திருந்தபோது கையில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் 'அறிவாற்றல் திரையிடல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெரியம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்னடா, படம் போடப் போறாங்களா?" என்றார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். நினைவும் யோசனையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற 'காக்னிட்டிவ் ஸ்கிரீனிங்' சோதனையைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ஸ்கிரீன் என்பது முதலில் அடுப்பனல் மேலே படாமல் மறைக்கும் தட்டி. பின்னாளில் கரியும் மணலும் சலிக்கிற பெரிய சல்லடைக்கும் அதே பெயர் வந்தது. மருத்துவத்தில் ஸ்கிரீனிங் என்னும்போது இந்தச் சல்லடைப் பொருள்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொண்டால் திரைதான் கிடைக்கும்.

தமிழில் திரை என்றால் மறைப்பது, இல்லையென்றால் படம் ஓடுவது. (நரை திரை மூப்பு என்கிற திரையும் உண்டு, தோல் சுருக்கம். வயதானவர்களுக்கான சோதனை என்பதால் அதை நினைத்து வைத்தார்களோ என்னவோ!) ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு மறைப்பதன் பெயரை வைத்தால் யாருக்கு விளங்கும்? இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மோக்கா என்று இந்த வகையில் ஒரு சோதனை, காப்பி இல்லை, கனடாவின் மொன்றியலில் உருவாகி 2005-இல் வெளிவந்தது, மொத்தம் 30 மதிப்பெண். அதில் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள். பெரியம்மா முள் இரண்டையும் சரியாக வைத்தார், எட்டை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். மருத்துவர் அடுத்து மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதுதான் உண்மையில் படம்: நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்கிற மூளைப் பகுதி சுருங்கியிருக்கிறதா, தெரியாமல் சின்னச் சின்னப் பக்கவாதம் ஏதும் வந்துபோயிருக்கிறதா, கட்டியோ இரத்தக்கசிவோ உண்டா என்று பார்ப்பது. பெரியம்மாவோ, "அதான் திரையிட்டாச்சே, மறுபடி எதுக்குப் படம்?" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

சரி, சலித்தாய்வு என்று வைக்கலாமா? பொருள் கச்சிதமாகப் பொருந்தும், எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் சலிப்பு என்றாலே அலுப்புதான் நினைவுக்கு வரும், காத்திருக்கும் இடத்தில் அந்தச் சொல் வேறு வேண்டாம். வடிகட்டல் என்றால் ஆளையே கழித்துக்கட்டுகிற மாதிரி இருக்கிறது. அதனால் என் ஓட்டு 'முதற்கட்டச் சோதனை'க்கு. புதுச்சொல் ஒன்றும் இல்லைதான். ஆனால் முதற்கட்டம் என்றதுமே அடுத்த கட்டம் ஒன்று இருக்கும் என்று காது எதிர்பார்க்கும். மதிப்பெண் குறைந்தால் நோய் உறுதி என்றில்லை, இன்னும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

அறிவாற்றலும் எனக்குப் பிடிக்கவில்லை. காக்னிஷன் என்பதன் லத்தீன் வேருக்கு அறிந்துகொள்ளுதல் என்றுதான் பொருள், 'அறிதிறன்' போதும். 'லேசான அறிவாற்றல் குறைபாடு' என்று படித்துக் காட்டினால், தன் சமையலையும் மார்க்கெட் கணக்கையும் தானே பார்த்துக்கொள்கிற பெரியம்மா, "எனக்கு அறிவில்லேங்கிறானா?" என்றுதான் கேட்பார். மொழிபெயர்ப்பவர்கள் அச்சுக்கு அனுப்புமுன் வீட்டில் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டினால் என்ன, ஐந்து நிமிட வேலைதானே!