மஞ்சப்பையில் இருந்த சத்து மாத்திரை

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருபவர்களிடம் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. எங்கள் மதுரைப் பக்கம் மருந்து வேறு, சத்து மாத்திரை வேறு.

மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். புகையிலையோடு வெற்றிலை போடுகிற பழக்கம், கன்னத்தில் புற்று, ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைக்க வந்தார். (கதிரியக்கத்துக்கு இங்கே அதுதான் பெயர், எனக்கும் பழகிவிட்டது.) இரண்டாவது வாரம் சீட்டைத் தேடி மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது ஒரு டப்பா உருண்டது. வைட்டமின் ஏ, சி, ஈ, செலினியம் எல்லாம் சேர்ந்த கேப்சூல். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பியது.

"சத்து மாத்திரைதானே டாக்டரம்மா, அது என்ன செய்யப்போகுது?"

செய்யும். கரண்ட் வைக்கும்போது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உடைந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற துகள்கள் உண்டாகின்றன. புற்றுச் செல்லின் டிஎன்ஏவைச் சிதைப்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். டாக்ஸோரூபிசின் போன்ற சில கீமோ மருந்துகளும் ஓரளவு இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. அந்தக் கேப்சூலில் இருப்பதோ ஆன்டிஆக்ஸிடன்ட். அதன் வேலை அந்த ராடிக்கல்களை அணைப்பது. நல்ல செல், கெட்ட செல் என்று அது பார்ப்பதில்லை.

கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கரண்ட் வைத்துக்கொண்ட 540 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது). 2005-இல் முடிவு வந்தது. வாய்ப்புண் மாதிரித் தொல்லைகள் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்று திரும்புவது கூடுகிற மாதிரித் தெரிந்தது. சிகிச்சையின்போதும் புகை பிடித்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம் என்று பின்னால் தெரியவந்தது. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லைதான். இருந்தாலும் லாபம் உறுதியில்லாத இடத்தில் இந்த நஷ்டத்துக்கு நான் துணிய மாட்டேன்.

இன்னொன்று. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவருக்கு வாய்ப்புண் வந்தால் நேராக மெடிக்கலுக்குப் போய் பி காம்ப்ளெக்ஸ் கேட்பார். அவற்றில் பலவற்றில் ஃபோலிக் ஆசிட் இருக்கும். அது கேப்சிடபினின் பக்கவிளைவைக் கூட்டக்கூடியது, புண்ணும் வயிற்றுப்போக்கும் அதிகமாகலாம். அதே ஃபோலிக் ஆசிடை, நுரையீரல் புற்றுக்கு பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்து போடும்போது நாங்களே பி12 ஊசியோடு சேர்த்துக் கொடுப்போம், அங்கே அது கட்டாயம். அதனால் இதைப் படித்துவிட்டு நாங்கள் எழுதித் தந்ததையும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை? தாராளமாகச் சாப்பிடலாம். சாப்பாட்டில் வருகிற அளவு வேறு, கேப்சூலில் அடைத்து வருகிற அளவு வேறு. வாய் வெந்திருக்கும்போது நெல்லிக்காய் எரியும், அவ்வளவுதான். அப்போது மோர்சாதத்தைக் குழைத்து, கூட ஒரு முட்டை.

அந்த அம்மா கேப்சூலை நிறுத்திவிட்டார். மறுநாள் காலை அதே மஞ்சப்பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். "இது மருமக வாங்கிக் கொடுத்தது. நேத்து நீங்க இதைக் கேக்கலையே டாக்டரம்மா."