மந்தமான தைராய்டும் ஒரு பாட்டில் கலரும்

அம்மாவுக்கு 15 வருடமாகத் தைராய்டு மாத்திரை. சாப்பாடு கொஞ்சம்தான், ஆனால் வெயிலில் போய்வந்தால் ஒரு கலர் வேண்டும். "தண்ணி மாதிரிதானே, இதுல என்ன இருக்கு?" என்பார். ஒருநாள் பாட்டிலின் லேபிளைப் படித்துக் காட்டினேன். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டிலில் 30 கிராம். காலி டம்ளரில் டீஸ்பூனால் அளந்து போட்டேன். ஏழரை ஸ்பூன். அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸின் பெரும்பங்கைக் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். பழத்தை மென்று தின்றால் நாரோடு சேர்ந்து மெதுவாக வரும். கலரில் மடை திறந்த மாதிரி வந்து சேரும். மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்கி, ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்பிவிடும்.

இதுவரை எல்லோருக்கும் நடப்பது. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குச் சிக்கல் இதற்கு அப்புறம்தான். ரத்தத்தில் சுற்றும் அந்தக் கொழுப்பை உடைக்கும் நொதியும், கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் கல்லீரலின் வாங்கிகளும் தைராய்டு ஹார்மோன் இருந்தால்தான் சுறுசுறுப்பாக இருக்கும். ஹார்மோன் குறைந்தால் இரண்டும் தளர்ந்துபோகும். ஏரிக்கு வரத்து கூடும்போது வடிகாலும் தூர்ந்துபோனால் எப்படியோ, அப்படி. இன்சுலினின் பேச்சையும் தசைகள் முன்போலக் கேட்பதில்லை.

சர்க்கரை தின்றதால்தான் தைராய்டு வந்தது என்று சிலர் மனம் நோகிறார்கள். அப்படியில்லை. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் நோயெதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது இது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய்.

சுரப்பு மிகுந்தவர்களுக்கு நிலைமை வேறு. குடல் வேகமாக உறிஞ்சும், கல்லீரலும் தன் பங்குக்குக் குளுக்கோஸை வெளிவிடும். குடித்த கொஞ்ச நேரத்தில் ரத்தச் சர்க்கரை எகிறும். ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சுக்குக் கோலாவிலுள்ள காஃபின் வேறு.

மந்தமான தைராய்டில் தூர்ந்த வடிகாலைத் திறப்பது மாத்திரைதான். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் சரியான அளவுக்கு வந்தால் கொலஸ்ட்ராலும் பெரும்பாலும் இறங்கும். ஆனால் மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தால் மருந்து குடலில் சரியாக ஏறாது. காபியும் தடுக்கும், பாலிலுள்ள கால்சியமும் தடுக்கும். சர்க்கரை போடாமல் குடித்தாலும் இதே கதைதான். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

அம்மா இப்போது ஆறு மணிக்கு மாத்திரை போட்டால், ஏழு மணிக்குத்தான் காபி டம்ளரைத் தொடுகிறார். வெயிலில் வந்தால் உப்புப் போட்ட நீர்மோர்.